கிட்டார் மொடலருக்கு எந்த அம்ப், எந்த ஸ்பீக்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொடலரை வாங்கி, வீட்டில் ஹெட்போனில் கேட்டு மகிழ்ந்து, அடுத்த வாரம் பேண்ட் பயிற்சிக்குப் புறப்படும்போதுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது: சரி, இதை எதில் செருகுவது? கொழும்பில் கச்சேரியிலும் தேவாலயத்திலும் தொடர்மாடி வீட்டிலும் வாசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. விலை எதையும் எழுதவில்லை. டொலரோடு ஆடுகிற விலை அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

மொடலர் என்று எதைச் சொல்கிறோம்?

அம்ப், பெடல், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன்னால் வைக்கிற மைக் ஆகிய எல்லாவற்றின் குணத்தையும் கணக்காக்கி ஒரு சிப்பில் ஓட்டும் கருவியை. 1998-இல் வந்த லைன் 6 பொட் இதைப் பலர் கைக்கும் கொண்டுவந்தது. 2011-இல் கெம்பர் வந்தது, 2015-இல் ஹீலிக்ஸ், அப்புறம் குவாட் கோர்டெக்ஸ். இப்போது நக்ஸ், மூவர், வலெட்டன் என்று கைக்கு எட்டும் விலையிலும் நிறைய இருக்கின்றன. கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மொடலரை நேராக ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் சத்தம் வருமா?

வராது. மொடலரிலிருந்து வருவது லைன் அளவுச் சிக்னல். அதற்கு ஸ்பீக்கர் கோனை அசைக்கிற பலம் கிடையாது. நடுவில் ஒரு பவர் அம்ப் வேண்டும். அது தனியாகவும் இருக்கலாம், ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கிட்டார் அம்புக்குள்ளும் இருக்கலாம். கெம்பரின் பவர்ஹெட் போல உள்ளேயே பவர் அம்ப் வைத்து வருபவையும் உண்டு, ஆனால் அவை குறைவு.

கபினெட் சிமுலேஷனைப் போடுவதா, நிறுத்துவதா?

மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது, ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம்.

கிட்டார் ஸ்பீக்கர் சத்தத்தை உள்ளபடி தராது. எடுத்துக்காட்டாக செலெஸ்டியன் விண்டேஜ் 30-ஐ எடுங்கள். அந்த நிறுவனம் அதற்குக் கொடுக்கும் எல்லை 70 ஹேர்ட்ஸிலிருந்து 5,000 ஹேர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே இருக்கிற கரகரப்பையெல்லாம் ஸ்பீக்கரே வெட்டிவிடுகிறது. டிஸ்டோர்ஷன் போட்ட கிட்டார் காதுக்கு இனிமையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த வெட்டுத்தான். மொடலருக்குள் இருக்கும் கபினெட் சிமுலேஷன் இதே வேலையைக் கணக்கில் செய்கிறது. ஐஆர் கோப்பு என்று இணையத்தில் விற்பதும் இதுதான்: ஒரு குறிப்பிட்ட பெட்டியும் மைக்கும் சேர்ந்து சத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்ற பதிவு.

இந்த வேலை ஓர் இடத்தில் மட்டும் நடக்கவேண்டும். பாட்டுக்கும் பேச்சுக்கும் பாவிக்கும் மேடைப் பெட்டி, ஸ்டூடியோ மொனிட்டர், ஹெட்போன், மண்டபத்து மிக்சர் ஆகியவற்றுக்குப் போகும்போது சிமுலேஷன் போட்டிருக்க வேண்டும். உண்மையான கிட்டார் பெட்டிக்குப் போகும்போது நிறுத்தவேண்டும். போட வேண்டிய இடத்தில் மறந்தால் டிஸ்டோர்ஷன் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் கேட்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் விட்டால் சத்தம் மூடிக்கொண்டு, பெட்டிமேல் யாரோ போர்வை போட்டதுபோல் இருக்கும். “இந்த மொடலர் சரியில்லை” என்று விற்பனைக்கு வருகிற கருவிகளில் கணிசமானவை இந்த ஒரு சுவிட்சால்தான் வருகின்றன என்பது என் சந்தேகம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியுமா? மேடையில் கிட்டார் பெட்டி, மிக்சருக்குச் சிமுலேஷன்?

முடியும். ஹீலிக்ஸ் போன்றவற்றில் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கபினெட் இல்லாமல் ஒரு வெளியீட்டுக்கும் மற்றதைக் கபினெட்டோடு மிக்சருக்கும் அனுப்பலாம். விலை குறைந்த சிலவற்றில் இந்த வசதி இல்லை. இது உங்களுக்குத் தேவையென்றால் வாங்கும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

எஃப்ஆர்எஃப்ஆர் என்கிறார்களே, அது சாதாரண மேடை ஸ்பீக்கரிலிருந்து வேறா?

முழு அலைவரிசையையும் சமமாகத் தரும் ஸ்பீக்கர் என்பதற்கான சுருக்கம் அது. ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, லைன் 6 பவர்கெப், 2023-இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12 எல்லாம் இந்தப் பெயரில் கிட்டார்காரர்களுக்கென்றே விற்கப்படுபவை. யமஹா டிபிஆர்10 போன்ற பவர்ட் மேடைப் பெட்டிகளும் வேலையில் இதே இனம்தான்: உள்ளே பவர் அம்ப், ஒரு வூஃபர், மேல் சத்தத்துக்கு ஒரு ஹோர்ன்.

கிட்டார்காரர்களுக்கென்று வருபவற்றில் சில வசதிகள் கூடுதல். பவர்கெப் தானே ஒரு கிட்டார் ஸ்பீக்கர் மாதிரி நடிக்கும். எஃப்ஆர்-12-இல் மேல் அலைகளை வெட்ட முகப்பிலேயே ஒரு குமிழ் இருக்கிறது, பார்க்கவும் அம்ப் மாதிரி இருக்கும். இவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது கெட்ட முடிவு அல்ல. ஆனாலும் கொழும்பில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் நல்ல 10 அங்குல அல்லது 12 அங்குல மேடைப் பெட்டியைத்தான் முதலில் சொல்வேன். பாட்டுக்காரருக்கு மொனிட்டர் வேண்டுமானால் அதுவே போதும், வீட்டு விசேஷத்துக்கு மைக் போடலாம், பழுதானால் திருத்துபவர் கிடைப்பார், விற்க நினைத்தால் கிட்டார் தெரியாதவரும் வாங்குவார்.

உண்மையான கிட்டார் பெட்டியின் சுகம் வேறு என்கிறார்களே?

வேறுதான். பவர் அம்பும் 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கரும் உங்கள் பின்னால் நிற்கும்போது காற்று வந்து காலில் படுகிற உணர்வு எஃப்ஆர்எஃப்ஆரில் அப்படியே வராது. காரணம் எளிது: ஐஆர் என்பது மைக் கேட்ட சத்தம், நீங்கள் அறையில் நின்று கேட்ட சத்தம் அல்ல. மைக் கோனுக்கு ஓரிரு அங்குலத்தில் இருந்தது, உங்கள் காது ஆறடிக்கு அப்பால், கோனுக்கு மேலே இருக்கிறது.

ஆனால் நம் ஊர்க் கச்சேரிகளில் கிட்டார்காரர் ஓர் இரவில் என்னென்ன வாசிக்கிறார் என்று பாருங்கள். இளையராஜா பாட்டுக்கு நைலோன் கிட்டார் சத்தம், அடுத்த பாட்டுக்குக் கோரஸ் போட்ட கிளீன், இடையில் ஒரு பைலா, கடைசியில் டிஸ்டோர்ஷன் சோலோ. 5,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும் கிட்டார் பெட்டியில் அக்கூஸ்டிக் சத்தம் செத்துப்போய்விடும். முழு அலைவரிசைப் பெட்டியில் நான்கும் வரும். ரொக், புளூஸ் மட்டும் வாசிப்பவர் கிட்டார் பெட்டிக்குப் போகலாம். திரைப்பாட்டு வாசிக்கிற பேண்டில் இருப்பவர் போகவேண்டாம்.

என்னிடம் ஒரு கிட்டார் அம்ப் இருக்கிறது. அதன் முன்பக்க உள்ளீட்டில் செருகலாமா?

செருகலாம், ஆனால் அம்பின் பிரீஅம்பும் (சத்தத்தின் குணத்தை அமைக்கும் முன்பகுதி) டோன் குமிழ்களும் மொடலரின் அம்புக்கு மேல் இன்னொரு அம்பாக வந்து உட்காரும். பின்பக்கம் பாருங்கள். எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்றோ பவர் அம்ப் இன் என்றோ ஒரு துளை இருந்தால் அதில் செருகுங்கள். போஸ் கட்டானா 50-இன் இரண்டாம் வடிவத்தில் பவர் அம்ப் இன் இருக்கிறது. பிரீஅம்ப் விலகிவிடும், பவர் அம்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். கபினெட் சிமுலேஷனை நிறுத்திவிடுங்கள். அந்த எஃபெக்ட்ஸ் இணைப்புக்கு (லூப்) மிக்ஸ் குமிழ் இருந்தால் முழுதாகத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்பின் சொந்தச் சத்தமும் கலந்து வரும்.

பயிற்சி அறைகளிலும் வாடகைச் சாமான்களிலும் ரோலண்ட் ஜேசி-120 அடிக்கடி கண்ணில் படும். 1975-இலிருந்து வருகிற, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அம்ப். எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் உள்ளதாக இருந்தால் மொடலருக்கு நல்ல பவர் அம்ப் ஆகிவிடும். மேல் சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், மொடலரில் ட்ரெபிளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

துளை எதுவும் இல்லையா? முன்பக்கத்தில் செருகி, மொடலரின் அம்பையும் கபினெட்டையும் நிறுத்தி, எஃபெக்ட் மட்டும் பாவியுங்கள்.

தனிப் பவர் அம்ப் வாங்கினால் ஓம் கணக்கு எப்படி?

சிறிய பெடல் அளவுப் பவர் அம்புகள் இப்போது நிறைய: செய்மர் டங்கன் பவர்ஸ்டேஜ், ஒரேஞ்ச் பெடல் பேபி 100, எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 44 மெக்னம். இவை டிரான்சிஸ்டர் வகை. ஓம் என்பது ஸ்பீக்கர் காட்டும் மின்தடையின் அளவு. அம்பில் எழுதியிருக்கும் ஆகக்குறைந்த ஓமுக்குக் கீழே பெட்டியின் ஓம் போகக்கூடாது, மேலே போகலாம். 4 ஓமில் 100 வாட்ஸ் என்று போட்டிருக்கும் அம்ப் 8 ஓம் பெட்டியில் ஏறத்தாழ பாதிதான் தரும், ஏமாற்றம் வேண்டாம். இரண்டு 8 ஓம் பெட்டிகளைச் சமாந்தரமாகப் போட்டால் 4 ஓம்.

வால்வ் அம்ப் என்றால் ஓம் பொருந்தவே வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர் போய்விடும். பவர் அம்பிலிருந்து பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் வயராக இருக்கட்டும். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் கிட்டார் வயர் அதற்கு இல்லை.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் நம்மவர்களின் பெரிய பலவீனம். வாட்ஸ் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்ஸுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, இதைவிட முக்கியம். விண்டேஜ் 30-க்கு ஒரு வாட்ஸில், ஒரு மீட்டரில் 100 டெசிபெல். 93 டெசிபெல் உள்ள ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்தைத் தர ஐந்து மடங்கு வாட்ஸ் கேட்கும். 50 வாட்ஸ் வால்வ் அம்ப் டிரம்ஸைத் தாண்டிக் கேட்பதற்கும், பெட்டியில் “2000” என்று போட்ட பவர்ட் ஸ்பீக்கர் சாதாரணமாக நடந்துகொள்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். அந்த 2000 உச்ச அளவு, கணநேரக் கணக்கு. தொடர் வாட்ஸ் எவ்வளவு, ஆகக்கூடிய டெசிபெல் எவ்வளவு என்று கேளுங்கள். முதலாம் குறுக்குத் தெருவில் பளபளக்கும் விளக்கோடு அடுக்கியிருக்கும் பார்ட்டி ஸ்பீக்கர்களின் வாட்ஸ் எண்ணை வாசிக்கவே வேண்டாம்.

டிரம்ஸ் உள்ள பேண்டுக்கு: நல்ல கம்பனியின் பவர்ட் பெட்டியில் தொடர் அளவு 300 வாட்ஸ் பக்கம் இருந்தால் தாராளம். கிட்டார் பெட்டியோடு சேரும் டிரான்சிஸ்டர் பவர் அம்ப் என்றால் 100 முதல் 200. முழு அலைவரிசைப் பெட்டிக்குக் கூடுதலாக வேண்டியிருப்பது, கீழ் அலைகளைத் தெளிவாகத் தர இடம் தேவைப்படுவதால்.

தொடர்மாடியில் இருக்கிறேன். வீட்டுக்கு மட்டும் என்ன வாங்கலாம்?

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ சுவருக்குச் சுவர் வீடு என்றால் மேடைப் பெட்டி வேண்டாம். அவை தாழ்ந்த சத்தத்தில் உயிர்ப்பாக இருப்பதில்லை, சிலவற்றில் விசிறிச் சத்தமும் இரைச்சலும் கேட்கும். ஒரு சோடி 5 அங்குல ஸ்டூடியோ மொனிட்டர், யமஹா எச்எஸ்5 போன்றது, போதும். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, காது மட்டத்தில் வையுங்கள். மேசைமேல் நேரடியாக வைத்தால் கீழ் வீட்டுக்காரர் பேஸ் கேட்பார். இரவு ஒன்பதுக்குப் பிறகு ஹெட்போன்.

புளூடூத் ஸ்பீக்கரில்?

வயர் இல்லாமல் வேண்டாம். தந்தியைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் தாமதம் இருக்கும், வாசிக்கவே முடியாது. ஒக்ஸ் வயரில் செருகினால் பழகலாம்.

கீபோர்ட் அம்ப், பேஸ் அம்ப்?

கீபோர்ட் அம்ப் ஆகும், அதுவும் முழு அலைவரிசைதான். பேஸ் அம்பில் டுவீட்டர் இருந்தால் சமாளிக்கலாம்.

வீட்டில் செய்த சத்தம் அருமை. மண்டபத்தில் குழம்பிப்போகிறது. ஏன்?

காதின் குணம். 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது: தாழ்ந்த சத்தத்தில் பேஸும் மேல் அலைகளும் காதுக்குக் குறைவாகக் கேட்கும், சத்தம் கூடக் கூட அவை எழுந்துவரும். வீட்டில் மெதுவாகக் கேட்டு, குறைகிறதே என்று பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி, மிட்டை வெட்டுகிறோம். மண்டபத்தில் சத்தம் ஏறியதும் பேஸ் உறுமும், ட்ரெபிள் குத்தும், மிட் இல்லாத கிட்டார் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் இடையில் காணாமல் போகும்.

ஆகவே கச்சேரிச் சத்தங்களைக் கச்சேரி வொல்யூமில்தான் அமைக்கவேண்டும். பயிற்சிக்கு அரை மணி முன்னதாகப் போய் அங்கேயே செய்யுங்கள். தொடக்கத்துக்கு: 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தியே 82 ஹேர்ட்ஸில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இருப்பது பேஸ்காரரின் சொத்து. மேலே 6,000 முதல் 8,000-க்குள் ஒரு வெட்டு. மிட்டைத் தொடாதீர்கள், தொட்டால் கூட்டுங்கள். அக்கூஸ்டிக் சத்தத்துக்கு மட்டும் மேல் வெட்டை எடுத்துவிடவும்.

அப்புறம், பெட்டியை எங்கே வைக்கிறீர்கள்? தரையில் வைத்தால் முழங்காலுக்கு வாசிக்கிறீர்கள். கோணமாகச் சாய்த்தோ ஸ்டாண்டிலோ வையுங்கள். சாய்க்காமல் தரையிலேயே விட்டால் பேஸ் இன்னும் கூடும்.

மண்டபத்துச் சவுண்ட்ஸ்காரரோடு எப்படிக் கதைப்பது?

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்து மண்டபங்களில் சபைக்குக் கேட்பது உங்கள் பெட்டி அல்ல, அவருடைய ஸ்பீக்கர். உங்கள் பெட்டி உங்களுக்குக் கேட்பதற்கு மட்டும். இதை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். மொடலரிலிருந்து எக்ஸ்எல்ஆர் வயரில் மிக்சருக்குக் கொடுங்கள், வெளியீட்டை மைக் அளவில் வையுங்கள். மிக்சர் சில மைக்குகளுக்கு வயர் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை அந்தச் சனலில் நிறுத்தச் சொல்லுங்கள், மொடலருக்கு அது தேவையில்லை. உறுமல் வந்தால் மொடலரின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிர் ஆபத்து.

மொடலரின் மாஸ்டர் குமிழ் இரண்டு வெளியீட்டையும் சேர்த்து ஆட்டுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆட்டினால், உங்களுக்குக் கேட்கவில்லையென்று கூட்டும்போதெல்லாம் சபைக்கும் கூடும், சவுண்ட்ஸ்காரர் அங்கே குறைப்பார், இப்படியே இரவு முழுக்க. மிக்சர் அளவை மாறாமல் வைக்கும் அமைப்பு பல மொடலர்களில் இருக்கிறது.

ஸ்டீரியோவாக இரண்டு பெட்டி வேண்டுமா?

வீட்டில் இன்பம். மண்டபத்தில் பெரும்பாலும் மோனோதான் ஓடுகிறது. ஒரு பெட்டி போதும், மோனோவில் எப்படிக் கேட்கிறது என்று டிலேயையும் கோரஸையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தச்சுப் பாஸிடம் பெட்டி அடித்து, ஸ்பீக்கர் மட்டும் வாங்கிப் போட்டால் மலிவாக வருமா?

வரும். ஒரு ஸ்பீக்கர் போடும் கிட்டார் பெட்டியில் கணக்குப் பெரிதாக இல்லை. 18 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட், பின்பக்கம் பாதி திறந்தபடி. எம்டிஎஃப் பாரம், நம் ஈரக்காற்றில் ஊதியும் விடும். செலெஸ்டியனின் எஃப்12-எக்ஸ்200 என்ற ஸ்பீக்கர் 12 அங்குலக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே போகும், ஆனால் 60 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 வரை தரும், 200 வாட்ஸ், 8 ஓம். தனிப் பவர் அம்போடு அதைப் போட்டால் கிட்டார் பெட்டியின் உருவத்தில் முழு அலைவரிசை கிடைக்கும். ஹோர்ன் வைத்த மேடைப் பெட்டியை மட்டும் சொந்தமாக அடிக்கப் போகாதீர்கள். வூஃபருக்கும் ஹோர்னுக்கும் அலைகளைப் பிரிக்கும் குரொஸ்ஓவர் வேலை தெரியாமல் அது சரிவராது.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பின்பக்க எழுத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள். ஜப்பான் 100 வோல்ட், அமெரிக்கா 120, நம்மிடம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். “100–240” என்று இருந்தால் கவலையில்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். “100” மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதன் அளவு கருவி இழுக்கும் வாட்ஸைவிடத் தாராளமாகக் கூட இருக்கவேண்டும். அதைக் கச்சேரிக்குக் கச்சேரி சுமக்கவேண்டும் என்பதையும், ஒரு நாள் மறந்து நேராகச் செருகினால் கதை முடிந்தது என்பதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சாமானுக்கும் இதே விதி. ஒன்லைனில் எடுப்பித்தால் சுங்கத்தில் வரியும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரியும் சேரும்.

கரண்ட் ஏறி இறங்குவதால் பழுதாகுமா?

மொடலர் ஒரு கம்ப்யூட்டர். பேட்ச் (அமைத்துவைத்த சத்தம்) சேமிக்கும் நேரத்திலோ ஃபேர்ம்வெயர் (கருவியின் உள் மென்பொருள்) ஏற்றும் நேரத்திலோ கரண்ட் போனால் தொல்லை. ஃபேர்ம்வெயரை யூபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் வெளிமேடை என்றால் மொடலருக்கு ஒரு சிறிய யூபிஎஸ், பெட்டிக்குத் திடீரென ஏறும் கரண்டைத் தாங்கும் சேர்ஜ் பலகை. பழைய வீடுகளின் இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது, தந்தியைத் தொட்டால் மெல்லச் சுரீரென்பதும் உறுமலும் அங்கிருந்து வரலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மொடலரைக் குற்றம் சொல்லாதீர்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஜக் துளைகளை அவ்வப்போது கொண்டாக்ட் கிளீனரால் துடைப்பது நல்லது, உப்புக்காற்று அவற்றைத்தான் முதலில் பிடிக்கும்.

கடையில் எப்படிச் சோதித்து எடுப்பது?

உங்கள் மொடலரையும் உங்கள் கிட்டாரையும் கொண்டுபோங்கள், கடைக்காரரின் பாட்டைப் போட்டுக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அக்கூஸ்டிக், கிளீன், டிஸ்டோர்ஷன் என்று மூன்று பேட்ச் போதும். பெட்டிக்கு நேரே நின்று கேட்டபின் பக்கவாட்டில் நகர்ந்தும் கேளுங்கள். நகர்ந்ததும் மேல் சத்தம் அடியோடு மறைந்தால் மேடையில் உங்களுக்கு மட்டும்தான் அது நன்றாகக் கேட்கும். பழைய பெட்டி என்றால் வாசிக்காமல் வொல்யூமைக் கூட்டி இரைச்சலைப் பாருங்கள், ஹோர்னில் காதை வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள், தாழ்ந்த ஈ தந்தியைப் பலமாக அடித்து வூஃபர் உராய்கிறதா பாருங்கள். கடைக்காரர் வொல்யூமைக் கூட்ட விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.